ஆறு கட்டை

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியவள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அப்பா, உன்ன ஆபீஸ்ல இருந்து கேட்டுக்கு மாத்திட்டாங்களாமே? தப்பு பண்ணவங்களத்தான் கேட்ல போடுவாங்கன்னு எங்க கிளாஸ் பொண்ணு சொல்றா." சின்னவன் அதற்குள், "கேட்ல விசில் குடுப்பாங்களா?" என்றான். விசில் கொடுக்கவில்லை. மற்றதற்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கோபம் வந்து மீதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டில் போட்டது உண்மை. நான் ஒரு தப்பு பண்ணியதும் உண்மை. ஆனால் எதற்காகக் கேட்டில் போட்டார்களோ அது தப்பே இல்லை. நான் பண்ணிய தப்பு வேறு. அதற்கு யாரும் எனக்கு மெமோ கொடுக்கவில்லை.

திருத்தணி மலையடிவாரத்து இசைக் கல்லூரியில் உங்கள் அப்பா பதினான்கு வருடமாக அலுவலக உதவியாளன். மணி அடிப்பேன். வாத்திய அறையைத் திறந்து தம்புராக்களைத் துடைத்து வைப்பேன். கோப்புகளை மேலே கொண்டு போய்க் கீழே கொண்டு வருவேன். முதல் வருடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று எந்த உத்தரவிலும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிறவன் நான்தான். மணவூரிலிருந்து வருகிற பிள்ளை, அரக்கோணத்தோடு நின்றுவிடுகிற ரயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு திருத்தணி வரும் என்று காத்திருக்கும். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற தெலுங்குப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழில் பாட வரும், பேச வராது. விடுதியில் ஒருவன் விடியற்காலையில் பாட்டுச் சாதகம் பண்ண ஆரம்பித்தால் பக்கத்து அறைக்காரன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்பேன். வீட்டு நினைப்பில் தூங்காமல் கண் வீங்கி வருகிற பிள்ளையிடம், "சாயந்தரம் மலைப்படி ஏறி எறங்கிட்டு வா" என்பேன். சாமி கும்பிடுவது அவரவர் இஷ்டம். அத்தனை படி ஏறி இறங்கினால் கால் வலியில் தூக்கம் வந்துவிடும்.

தம்புராவைத் தாண்டக் கூடாது, வெள்ளிக்கிழமை வேட்டி கட்டி வர வேண்டும், குடிதண்ணீர்க் குழாய் எது, கைகழுவும் குழாய் எது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பதினான்கு வருடத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் திருவாலங்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வாய்ப்பாட்டில் சேர்ந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வரும்போது சின்ன லோடு வண்டியில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு முன்னால் போவார்களே, அந்த வண்டியில் நின்று மைக்கில் பாடுகிறவள் அவள். எட்டாவது படிக்கும்போதிலிருந்து பாடுகிறாளாம். வழியில் மைக் கெட்டுப் போனால்கூடப் பாட்டு நிற்காது என்று அவள் அப்பா சொன்னார். அவரை அவள் நைனா என்று கூப்பிட்டாள்.

"அண்ணா, எங்க வூட்ல காலேஜி போனவங்க யாரும் இல்ல. இவுளுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்" என்றார் அவர்.

"எனக்கா தெரியாது? பாட்டு பாடறதுக்கு இன்னாத்துக்கு காலேஜின்னு வர்ற வழியெல்லாம் கேட்டுகினு வந்தது யாரு?" என்றாள் அவள்.

"தெரிஞ்சிக்கலாம்னு கேட்டன். அதுகூடத் தப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆங், நான் பாத்துக்கறன். நீங்க தைரியமா போய்ட்டு வாங்க" என்று அவரை அனுப்பி வைத்தேன். இதை நான் சொன்னேன் என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்புகள் தொடங்கிய அன்றைக்குக் காலையில் உதவித்தொகைப் படிவம் நிரப்புகிற வேலை இருந்தது. கேள்விகளை நான் வாசிப்பேன், பிள்ளைகள் பதில் சொல்வார்கள், நான் கோடு போடுவேன். ஓட்டு வீடா, தளம் போட்ட தார்சு வீடா? கரண்ட் இருக்கிறதா? அடுப்பு கேஸா, விறகா? அவள் முறை வந்தபோது, "கேஸ்தாங்க. போன வருசமே வந்துட்சி" என்றாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். நான் கோடு போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

பதினோரு மணிக்கு வாய்ப்பாட்டு முதல் வகுப்பு. வருகைப் பதிவேட்டைக் கொண்டு போய் ஆசிரியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்காகக் கதவோரம் நின்றேன். அந்த அம்மா சுருதிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, முன் வரிசையில் இருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, "உனக்கு எத்தனை கட்டைம்மா?" என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். "கட்ட இல்லீங்க மேடம். எங்க வூட்ல கேஸ்தான். போன வருசமே வந்துட்சி."

உங்களுக்கும் கட்டை என்றால் விறகுதான் தெரியும். பாட்டுக்காரர்கள் சொல்கிற கட்டை வேறு. ஆர்மோனியத்தில் விரல் வைத்து அழுத்துகிற பட்டைகளுக்குக் கட்டை என்று பெயர். ஒவ்வொருவர் குரலுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. ஒருவருக்கு ஒரு கட்டை, இன்னொருவருக்கு நாலரைக் கட்டை. குரல் எங்கே வசதியாக உட்காருகிறதோ அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். மேடைப் பாட்டு கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு இது பெயரைச் சொல்வது மாதிரி. லோடு வண்டியில் நின்று பாடியவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. வண்டி டிரைவர் சத்தத்தைக் கூட்டுவார் அல்லது குறைப்பார், அவ்வளவுதான்.

வகுப்பே சிரித்தது. ஆனால் முதலில் சிரித்தது யார் தெரியுமா? கதவோரம் நின்ற உங்கள் அப்பா. வாயைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை, சத்தமாகவே சிரித்தேன். என் சிரிப்பைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குச் சிரிக்கலாம் என்று தைரியம் வந்தது. ஆசிரியை அம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரி, உக்காரு, அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வேறு யாரையும் கேட்காமல் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். நான் அதோடு விட்டேனா? நேராகக் கேன்டீனுக்குப் போய் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தக் கதையை மாஸ்டரிடம் நடித்துக் காட்டினேன். பக்கத்து மேசையில் இரண்டாம் வருடப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

சாயந்தரத்துக்குள் அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கேஸ்.

"ஏய் கேஸ், சிலிண்டர் புக் பண்ட்டியா?"

"கேஸ் வருதுடி, யாரும் தீக்குச்சி கொளுத்தாதீங்க."

அவள் ஒன்றும் வாயில்லாத பெண் இல்லை. "ஆங், லீக் ஆனா நீதான் மொதல்ல பத்திக்குவ, தள்ளியே நில்லு" என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அதைக் கேட்டு நானும், பரவாயில்லை, சமாளித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாம் வாரம் கேட்காத மாதிரி நடந்து போனாள். மூன்றாம் வாரம் வகுப்பில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு இருந்தாள். எல்லோரும் சேர்ந்து பாடும்போது அவள் குரல் வரவில்லை. ஆசிரியை அம்மா என்னிடமே, "இவ்வளவு நல்ல குரல்னுதான எடுத்தோம், இந்தப் பொண்ணு ஏன் இப்படி இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

நான்காம் வாரம் ஒரு மடித்த தாளைக் கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தாள்.

"அண்ணா, இத சூப்ரண்டென்ட் சார்கிட்ட குட்த்துடுங்க."

குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர முடியவில்லை, மாற்றுச் சான்றிதழைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருந்தது.

"இன்னாம்மா குடும்பச் சூழ்நிலை? வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்லண்ணா. எல்லாரும் அப்டித்தான எழுதறாங்க."

"நைனாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. போய்ச் சொல்லிக்கலாம். கரும்பு வெட்டற எடத்துல நான் பேசனா எல்லாருக்கும் புரியும்ணா. இங்க வாயத் தொறக்கவே பயமா கீது."

"ஒரு வார்த்தைக்குப் போய் காலேஜ வுட்டுட்டுப் போவாங்களாம்மா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கிக் காலைல நீங்க கேட்டீங்க இல்ல, கேஸா வெறகான்னு. பதினோரு மணிக்கு மேடம் கட்டன்னு கேட்டாங்க. நீங்க எழுத வுட்டுட்டீங்க போல, அதான் இன்னொரு தபா கேக்கறாங்கன்னு நெனச்சிகினன்."

பிள்ளைகளே, அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அந்தப் பதிலை அவள் வாயில் வைத்தவனே நான். வைத்துவிட்டு, அவள் சொன்னபோது முதல் ஆளாகச் சிரித்தவனும் நான். அவள் நைனாவிடம் பாத்துக்கறன் என்று சொன்னவனும் நான்.

"சார் லீவு. திங்கக்கெழமதான் வருவாரு" என்றேன். கண்காணிப்பாளர் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை இழுப்பறையில் போட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், முதல் வருடத்துப் பிள்ளைகள் எல்லோரையும் வாத்திய அறைக்கு வரச் சொன்னேன். பத்தொன்பது பேர். அவள் வர மாட்டேன் என்றாள். "கடுதாசி வேணும்னா வா" என்றேன், வந்தாள். கதவைச் சாத்தினேன். அந்த அறைக்குச் சாவி என்னிடம் உண்டு. அதில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேச அனுமதி இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும்.

"இங்க வந்த நாள்ல இருந்து புரியாம முழிச்ச ஒரு வார்த்தய ஒவ்வொருத்தரும் சொல்லணும்" என்றேன். "சிரிக்கலாம். ஆனா யாரு சிரிக்கறாங்களோ, அடுத்தது அவங்கதான் சொல்லணும்."

முதலில் நானே ஆரம்பித்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆசிரியர், "உருப்படி நோட்டை எடுத்துக்கிட்டு வாப்பா" என்றார். நான் விடுதிக்குப் போய்ச் சலவைக்காரர் துணிக்கணக்கு எழுதுகிற நோட்டைக் கொண்டு வந்து நீட்டினேன். இவர்கள் பாடுகிற பாட்டுக்கும் உருப்படி என்றுதான் பெயராம். எனக்கு எப்படித் தெரியும்?

நகரிப் பக்கத்துப் பையன் ஒருவன் சிரித்துவிட்டான். மாட்டிக்கொண்டான். அவனை ஒரு ஆசிரியர், மொத்தம் மேளம் எத்தனை என்று கேட்டாராம். ராக வகையைக் கேட்கிறார் என்று தெரியாமல் இவன், "ரெண்டு செட்டு சார், பெரிய கல்யாணம்னா நாலு வரும்" என்று சொல்லியிருக்கிறான். அதற்குச் சிரித்த பெண்ணை, ஒரு சங்கதியை, அதாவது பாட்டின் ஒரு வளைவை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்களாம். "நான் யார்கிட்டயும் எந்தச் சங்கதியும் சொல்லலீங்க மேடம், சத்தியமா" என்று அழப் போய்விட்டாளாம். இன்னொருவனிடம் சாரீரம் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். சாரீரம் என்றால் குரல். அவன், "ஜுரம் வுட்டுட்சி சார், இருமல்தான் கீது" என்றிருக்கிறான்.

பத்து நிமிடத்தில் அறையில் ஒருவரும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவன் மிருதங்க உறைமேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். அந்தப் பெண் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாக, டவுனில் இருந்து வருகிற ஒரு பெண் எழுந்தாள். அன்றைக்கு வகுப்பில் எனக்கு அடுத்தபடி சத்தமாகச் சிரித்தவள் அவள்தான்.

"எனக்கும் கட்டைன்னா என்னன்னு தெரியாது" என்றாள். "என்னக் கேக்கப் போறாங்கன்னு தலயக் குனிஞ்சிகினு இருந்தன். அதுக்குள்ள இவளக் கேட்டுட்டாங்க."

"அப்ப இன்னாத்துக்குடி சிரிச்ச?" என்று கைகட்டி உட்கார்ந்திருந்தவள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"தெரியலன்னு தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான்."

"இங்க யாருக்குத்தான்டி தெரியும்?"

அநேகமாக யாருக்கும் தெரியவில்லை. பத்தொன்பது பேரில் கட்டை என்றால் இதுதான் என்று தெரிந்தவர் இரண்டு பேர். மீதிப் பேர் நாலு வாரமாகத் தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அப்போது நானும் எழுந்து நின்றேன். "அன்னிக்கு மொதல்ல சிரிச்சது நான்தான். கேன்டீன்ல போய்ச் சொன்னதும் நான்தான். தப்பு என் மேல" என்றேன்.

"தெரியும்ணா" என்றாள் அவள். "கேன்டீன் மாஸ்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு."

தெரிந்தே அவள் நாலு வாரமாக என்னை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறாள். தெரிந்தே கடிதத்தை என்னிடம் கொண்டு வந்திருக்கிறாள்.

நகரிப் பையனுக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும், ஊரில் பஜனைக்கு வாசிக்கிறவன். அவன் பெட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டான். "வண்டில பாடுவ இல்ல, அதப் பாடு, நான் பாத்துச் சொல்றன்" என்றான்.

"இங்கயா?"

"இங்க இல்லாம ரோட்டுலயா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு, காவடி மலையேறும்போது கூட்டத்துக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி, அரோகரா என்று ஒரே ஒரு தடவை நீளமாக இழுத்தாள். சுவரில் சாத்தியிருந்த தம்புராக்களின் தந்திகள் தாமாகவே முனகின. பையன் கட்டை கட்டையாக ஏறிக்கொண்டு போனான். நாலு. அஞ்சு. அஞ்சரை. அவள் குரல் அசையாமல் நின்ற இடத்தில் அவன் விரலும் நின்றது.

"ஆறு" என்றான்.

"ஆறா?"

"ஆறு கட்ட. சும்மா சுவத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

அதே குரல்தான் என்னையும் மாட்டிவிட்டது. சாப்பிட்ட கையோடு கண்காணிப்பாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா நடக்குது இங்க? யாரக் கேட்டு ரூமத் தொறந்த?"

"சாவி என்கிட்டதான் சார் கீது."

"சாவி இருந்தா கிளாஸ் எடுப்பியா? நீ அட்டெண்டரா, புரொபசரா?"

"அட்டெண்டர்தான் சார். பாட்டு ஒண்ணும் சொல்லித் தரல. வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிகினு இருந்தோம்."

"இதுகூடத் தெரியாதவங்கல்லாம் எதுக்குய்யா இங்க வர்றாங்க?"

"தெரிஞ்சவங்க எதுக்கு சார் வரணும்?"

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலையே முத்திரை மை தேடி என் இழுப்பறையைத் திறந்தவர் கையில் அவள் கடிதமும் அகப்பட்டது.

அவளைக் கூப்பிட்டு, கடிதத்தை மேசைமேல் வைத்து, "உண்மையாவே போறியாம்மா? அப்ப இதுல நான் குறிப்பு எழுதி மேல அனுப்பிடறேன்" என்றார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போய், வேண்டாம்மா என்று சொல்ல எனக்குக் கால் துடித்தது. ஆனால் அவள் சார்பாக நான் செய்ததெல்லாம் போதும் என்று தோன்றியது. நின்றேன்.

"குடுங்க சார்" என்றாள். வாங்கினாள். நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "இது என்கிட்டயே இருக்கட்டும்ணா. எனக்கா போவணும்னு தோணிச்சின்னா நானே எட்த்துனு வந்து குடுப்பன். இவுளுங்க சிரிச்சாளுங்கன்னு குடுக்க மாட்டன்."

அடுத்த நாள் எனக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி அறையைத் திறந்து மாணவர்களைக் கூட்டியது ஒன்று, மாணவியின் கடிதத்தை மறைத்தது ஒன்று. மூன்று நாளில் விளக்கம் எழுத வேண்டும். கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வருந்துகிறேன்னு ஒரு வார்த்த போட்டுக் குடுய்யா, நான் பைல மூடிடறேன். புள்ளகுட்டிக்காரன் நீ" என்றார்.

கடிதத்துக்காக வருந்துகிறேன் என்று எழுதினேன். அது அவளுடைய கடிதம், அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. பொய் சொன்னதையும் எழுதினேன். அறையைப் பற்றி இப்படி எழுதினேன்: புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் புரியாததைப் புரியவைக்க அந்த அறையைத் திறந்தேன். இதற்கு வருந்தவில்லை. சாவி என்னிடம் இருக்கும்வரை இனிமேலும் திறப்பேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "புள்ளகுட்டிக்காரன்னு சொன்னனே, காதுல விழலையா?"

"அதனாலதான் சார் போடல" என்றேன்.

என் பிள்ளைகள் நாளைக்கு ஏதோ ஒரு கல்லூரியில், புரியாத ஏதோ ஒரு வார்த்தைக்கு முன்னால் எழுந்து நிற்பார்கள். அங்கேயும் கதவோரம் என்னைப் போல ஒருவன் நிற்பான். அவன் சிரிக்காமல் இருக்க வேண்டும் என்றால் நான் இங்கே வருந்தக் கூடாது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கடிதத்தை மன்னித்து, அறைக்காகச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். கேட்டுக்குப் போ என்றார்கள். போனேன்.

நான் கேட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நகரிப் பையன் டீ குடிக்க வெளியே வந்தவன், எனக்கு ஒரு டீயைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றான். ஆசிரியை அம்மா அன்றைக்கு ஒவ்வொருவராகக் கட்டை கேட்டாராம். அவள் முறை வந்ததும் பின்னால் யாரோ உஸ் என்று கேஸ் கசிகிற மாதிரி சத்தம் கொடுத்திருக்கிறார்கள்.

"அவ எழுந்து இன்னா சொன்னா தெரியுமாண்ணா? ஆறு கட்டைங்க மேடம். ஒரு ஒல சோறு பொங்கிடலாம், அப்டின்னுட்டா."

"மேடம் இன்னா சொன்னாங்க?"

"பெட்டிய ஆறுல வெச்சிட்டு, பாடுன்னாங்க."

"பாடினாளா?"

"ஏண்ணா, இங்க கேக்கலயா?"

ரோட்டில் திருப்பதி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன, எனக்குக் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னேன்.

இன்னமும் சிலர் அவளைக் கேஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். கடிதம் இன்னமும் அவள் புத்தகத்தில் இருக்கிறதா, மூன்று வருடமும் முடிப்பாளா, எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். நேற்றும் போனாள். எனக்கு அது போதும்.

அதனால் பெரியவளே, உன் வகுப்புப் பெண் இனிமேல் கேட்டால் தலையைக் குனியாதே. ஆமாம், எங்க அப்பா கேட்லதான் இருக்கார் என்று சொல். புதிதாக வருகிற பிள்ளைகள் அலுவலகத்துக்கு வருமுன் கேட்டுக்குத்தான் வர வேண்டும். முன்பைவிட இப்போது இன்னும் முன்னாலேயே அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். கட்டை என்றால் என்ன என்று கேட்டிலேயே சொல்லி அனுப்புகிறேன். அதற்குச் சாவி வேண்டாம். சின்னவனே, விசில் கிடைத்தால் உனக்குத்தான்.

இன்னும் ஒன்று. கேட்டில் வருகிறவர்கள் பெயர் எழுதுகிற நோட்டை வைத்துக்கொள்ள எனக்கு ஒரு மேசை வேண்டும் என்று கேட்டிருந்தேன். முதல் வருட வகுப்பறையிலிருந்து கால் ஆடுகிற ஒரு பழைய மேசையைக் கொண்டு வந்து போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரியில் யாரும் இல்லை. மேசையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். காம்பஸ் முனையால் கேஸ் என்று கீறி, பக்கத்தில் ஒரு சிலிண்டரும் வரைந்திருந்தார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் போய் உப்புத்தாள் வாங்கி வந்தேன். ஒரு மரத்துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். எழுத்து சீக்கிரம் போய்விட்டது. சிலிண்டரை ஆழமாகக் கீறியிருந்தார்கள், அதற்கு இரண்டாவது தாளும் வேண்டியிருந்தது. தேய்த்து முடித்து, தூளை வாயால் ஊதிவிட்டு, ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தேன்.